நம்ம மாதிரி

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள் ஆட்டிசம் உள்ளவர்களின் ரத்தம் போகலாம், எச்சில் போகலாம், வெட்டிய முடிகூடப் போகலாம். ஆட்கள் மட்டும் போனதில்லை. தடையொன்றும் இல்லை, யாருக்கும் அப்படியொரு யோசனை வரவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூட ஹால்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் முகாம் போட்டு எடுத்த ரத்தம், ஐஸ் பெட்டியில், தனி வண்டியில், ஒருவர் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து பிடிக்க, ராஜமரியாதையோடு உள்ளே வரும். அதனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஃப்ரீசரில் அதற்கென்று ஒரு இடம், இடத்துக்கு ஒரு எண், கரன்ட் போனால் அதற்கு மட்டும் ஜெனரேட்டர். ஊழியர்களின் மின்விசிறிகளுக்கு அந்த வசதி கிடையாது. ஊழியர்களும் அதை நியாயம் என்றே நினைத்தார்கள்.

ஆட்டிசமும் அதைப் போன்ற மூளை வளர்ச்சி வேறுபாடுகளும் எந்த மரபணுவில் என்ன மாறினால் வருகின்றன என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் வேலை. அக்கா அங்கே ஆராய்ச்சியாளர். வீட்டில் ஒரு தம்பி பிறந்ததால் சின்ன வயதிலேயே அக்கா ஆனவள்; நிலையத்திலும் அவளைவிட மூத்தவர்கள் உள்பட எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தத் தம்பியால்தான். அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் இருக்கும்போது காய்ச்சலுக்குப் போட்டுக்கொண்ட மாத்திரையா, குளியலறையில் வழுக்கி விழுந்தோமே அதுவா, இல்லை, அப்பாவின் சொந்தக்காரர்கள் ஜாடையாகச் சொல்வதுபோல அவள் வயிறே சரியில்லையா. டாக்டர்களிடம் கேட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டாள். பதில் சொல்ல மாட்டார் என்று தெரிந்தும் அப்பாவிடம் கேட்டாள். "நான் படிச்சுக் கண்டுபிடிச்சுச் சொல்றேம்மா" என்று அக்கா பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் வாக்குக் கொடுத்தாள். படித்தாள், நிலையத்தில் வேலையும் கிடைத்தது. அவள் சேர்ந்த புதிதில் நிலையம் ரத்த முகாம் போட்டபோது அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் போய்க் கொடுத்தார்கள். ஊசியைக் கண்டதும் தம்பி போட்ட சத்தத்தில் முகாமே காலியானது. நாலு பேர் பிடித்து எடுத்தார்கள். பிறகு அப்பா இறந்துபோனார். சில வருஷம் கழித்து அம்மாவும் போனாள், கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு.

எது யாருடைய ரத்தம் என்று அக்காவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது விதி. பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுத்தான் ஆராய்ச்சியாளரின் மேசைக்கு வரும். நல்ல விதிதான். கூட்டத்தில் அதற்கு முதலில் கை தூக்கியவளே அக்காதான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நிலையத்துக்கு, பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மையார் சுற்றிப் பார்க்க வந்தார். இயக்குநர் அவரை ஃப்ரீசர் அறைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு டியூபுக்குள்ளும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் உறைந்திருப்பதாகச் சொன்னார். அம்மையார் கேட்டுக்கொண்டார். கிளம்பும் நேரத்தில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இவங்கள்ல யாராவது இங்க வேலை பாக்கறாங்களா?" என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏற்பாடு நடந்துக்கிட்டிருக்கு மேடம்" என்றார் இயக்குநர்.

அந்த நிமிஷம் அது பொய். ஆனால் இயக்குநர் தன் பொய்களை அனாதையாக விடுகிறவர் இல்லை. சாயங்காலத்துக்குள் அரவணைப்புக் குழு என்று ஒன்று பிறந்துவிட்டது. ஆட்டிசம் உள்ளவர் ஒருவரையும் அதில் போடலாமே என்று யாரோ கேட்டதற்கு, அப்படிச் செய்தால் குழுவின் நடுநிலை கெட்டுவிடும் என்று தீர்மானம் ஆனது. அடுத்து, ஆளுக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தது. ஃப்ரீசரில் ஆயிரக்கணக்கான பேரை வைத்திருந்தவர்களுக்கு வெளியில் ஒருவரையும் தெரியவில்லை. அப்போதுதான் யாருக்கோ அக்காவின் தம்பி ஞாபகத்துக்கு வந்தான்.

அக்கா மறுத்திருக்கலாம். ஆனால் தம்பியைப் பகலில் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்கென்று போனவள் திரும்பி வரவில்லை. அக்கா பாதி நாள் லீவில் இருந்தாள், மீதி நாள் பயத்தில் இருந்தாள். தம்பி முப்பதைத் தாண்டிய, நல்ல உயரமான ஆள். தாடியை அக்காதான் மழித்துவிட வேண்டும். தண்ணீரைக் கண்டால் விடமாட்டான், புதுக் காகிதத்தைக் கண்டால் முகர்ந்து பார்ப்பான், மொத்தமாக ஒரு கைப்பிடி வார்த்தைகள் வைத்திருந்தான், அவற்றையும் சிக்கனமாகச் செலவு பண்ணுவான். ராத்திரியில் தூங்காமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

நேர்முகத் தேர்வு நடந்தது. இன்னும் ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று குழுவின் தலைவர் கேட்டார். தம்பி எதிரில் இருந்த ஃபைலை எடுத்து முகர்ந்தான், பிறகு அதன் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். 'கேள்வியை ஆழ்ந்து பரிசீலித்தார்' என்று ஒரு உறுப்பினர் குறித்துக்கொண்டார். செய்தித் தொடர்பு அதிகாரி மட்டும் அவசரத்தில் இருந்தார். "இவருக்கு என்ன ஸ்பெஷல் திறமை?" என்று அக்காவிடம் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க."

"படம் வரைவாரா? தேதி சொன்னா கிழமை சொல்வாங்களே, அது?"

"இல்லைங்க. அவனுக்குக் குளிக்கப் பிடிக்கும்."

அதிகாரியின் பேனா நின்றது. பத்திரிகைகளுக்குப் போன செய்திக்குறிப்பில், 'நீரோடு ஆழ்ந்த உறவு கொண்டவர்' என்று வந்தது.

பதவிக்கு வாழ்வனுபவ ஆலோசகர் என்று பெயர் வைத்தார்கள். தொடக்க விழா நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சத்தம் ஆகாது, அதனால் யாரும் கை தட்டக்கூடாது, கைகளை உயர்த்தி ஆட்டினால் போதும் என்று ஒலிபெருக்கியில் மறுபடி மறுபடி அறிவித்தார்கள். தம்பி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இயக்குநர் பேச எழுந்தார். எப்போதோ டீ குடிக்கும்போது அக்கா தன் அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் அதை மறக்கவில்லை.

"இவரோட தாயார் ஒரு கேள்வியைக் கேட்டுக்கிட்டே கண்ணை மூடினாங்க. அந்தக் கேள்வியை இந்த நிலையம் கைவிடாது. பதில் எல்லாருக்கும் வேணும்தான். ஆனா ஒரு பதில் கிடைச்சா அதோட அந்தத் திட்டம் முடிஞ்சுது. கேள்விதான் நம்மை வாழ வைக்குது. இந்தக் கட்டடத்துல நாலு மாடியும் கேள்வியால கட்டினது. இன்னிக்கு அந்தத் தாயோட பிள்ளை நம்ம நடுவுல உட்கார்ந்திருக்காரு. இவர் யாரோ இல்லை. இவர் நம்ம மாதிரி."

வெளியில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ, நிலையத்தில் மாதிரி என்றால் டியூபில் இருக்கும் ரத்தம், வேறு அர்த்தம் கிடையாது. முன் வரிசையில் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அறிவித்தபடி மொத்தக் கூட்டமும் கைகளை உயர்த்தி ஆட்டியது. இத்தனை பேர் சேர்ந்து டாட்டா காட்டினால் தம்பி என்ன செய்வான்? அவனும் பதிலுக்குக் காட்டிவிட்டு எழுந்து வீட்டுக்குக் கிளம்பினான். அக்கா வாசலில்தான் அவனைப் பிடித்தாள். அந்தப் படம்தான் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது, 'மகிழ்ச்சியில் கையசைக்கும் ஆலோசகர்' என்ற வரியோடு.

அவனுக்கு ஒரு கண்ணாடி அறை கொடுத்தார்கள். வருகிற விருந்தினர்கள் பார்க்க வசதியான இடம். ஆலோசனை கேட்க யாரும் வரவில்லை. ஒரே ஒரு இளம் ஆராய்ச்சியாளர் வந்து, அவனாக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டார். தம்பி அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆய்வுக்கூடம். அங்கே ஒரு பெண் நாள் முழுக்க உட்கார்ந்து காலி டியூப்களில் லேபிள் ஒட்டுவாள். ரோலிலிருந்து உரித்து, டியூபைச் சுற்றி ஒட்டி, கட்டை விரலால் ஒரு தடவு தடவி, துளை வரிசைகள் உள்ள தாங்கியில் செருகுவாள். செருகும்போது டக்கென்று ஒரு சத்தம். தம்பி கண்ணாடியில் நெற்றியை வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் நின்றான். ஒரு நாள் அவள் காலால் கதவைத் தள்ளித் திறந்து, "நிக்கறதுக்கு உட்காரலாம்ல" என்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். ரோலைக் கையில் கொடுத்தாள்.

அவன் ஒட்டியது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. சில நாள் கோணலாக ஒட்டுவான். அவள் உரித்து மறுபடி ஒட்டிக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு டியூபும் டக்கென்று உட்காரும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. தாங்கி நிறைந்தால் தோளை உயர்த்தி ஒரு மூச்சு விடுவான், அடுத்த தாங்கியை இழுத்துக்கொள்வான். மத்தியானம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் தன் மாமியாரைப் பற்றிய முறையீடுகளை எல்லாம் அவனிடம் கொட்டினாள். நிலையத்தில் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஆம்பளை இவர்தான் என்று அக்காவிடம் சொன்னாள்.

ராத்திரி நடப்பது நின்றது. படுத்தால் தூங்கினான். விடுமுறை நாளிலும் காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆபீஸ்" என்றான். அவன் புதிதாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அக்கா சமையலறைக்குள் போய், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிறுவனத்தில் ஒருவர் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தால் அது எப்படியும் தணிக்கையில் தெரிந்துவிடும். மாதிரித் தூய்மைக் குழு என்று நிலையத்தில் பழைய குழு ஒன்று உண்டு. வருஷாந்திரச் சோதனைக்காக அது ஊழியர்களின் பெயர்களையும் ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டபோது, ஒரு பெயர் இரண்டு பக்கமும் இருந்தது. குழு பதறிப்போய் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டது.

குழுவின் தலைவி மூத்த விஞ்ஞானி, குரலை உயர்த்திப் பேசாதவர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். "ஒருத்தர் ஆராய்ச்சி பண்ற பக்கம் இருக்கலாம், இல்லை ஆராய்ச்சி பண்ணப்படற பக்கம் இருக்கலாம். உங்க தம்பி ரெண்டு பக்கமும் இருக்காரும்மா."

"காலி டியூப்லதான் மேடம் லேபிள் ஒட்டறான். அதுல ஒண்ணுமே கிடையாது."

"இன்னிக்குக் கிடையாது. நாளைக்கு நிரப்புவோம் இல்லையா. ஒரு மாதிரி இன்னொரு மாதிரியைத் தொடக்கூடாது. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே சொல்லித் தர்றோம்."

அக்கா, ரொம்பச் சுலபமான வழி ஒன்று கிடைத்த நிம்மதியோடு சொன்னாள்: "அப்போ அவன் ரத்தத்தை எடுத்துடுங்க மேடம். ஆய்விலேர்ந்து விலகிக்கறோம்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அவன் வேலை பாக்கட்டும்."

ஒரு உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்ன கேக்கறீங்கன்னு புரிஞ்சுதான் கேக்கறீங்களா?" என்றார் தலைவி. "அந்த மாதிரி போனா நம்மகிட்ட என்ன இருக்கு? அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம, பிள்ளைகிட்ட மட்டும் புதுசா வந்த மாற்றம். வேற எங்கயும் கிடைக்காதது. நீங்களே அதுல வருஷக்கணக்கா உட்கார்ந்து வேலை பாத்தீங்களே, அது யாரோடதுன்னு நினைச்சீங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ரத்தம் கொடுத்தவரின் அடையாளத்தை ஆராய்ச்சியாளரிடம் சொல்லியாகிவிட்டது. குழுவுக்குள் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. இப்போது சொன்னதைக் குறிப்பில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. கேட்டதை மறந்துவிடும்படி அக்காவை முறைப்படி கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். அக்காவைக் கேட்டுக்கொண்டார்கள்.

அக்காவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அந்த ரத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி முதல் கட்டுரையில் வந்த வரி அவள் கைப்பட எழுதியது: இந்த மாற்றம் தாய் வழியிலும் வந்ததல்ல, தந்தை வழியிலும் வந்ததல்ல, கரு உருவாகும் வேளையில் தற்செயலாக நேர்ந்தது. அதை எழுதி முடித்த அன்று நிலையத்தில் கேக் வெட்டினார்கள். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். சந்தோஷமாக வீட்டுக்குப் போன அக்காவிடம், தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, அந்தக் காய்ச்சல் மாத்திரையைப் பற்றி மறுபடி கேட்டாள். யாரும் எதையும் செய்து வந்ததில்லை என்ற பதில் அக்காவின் பைக்குள் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. "இன்னும் பாத்துட்டிருக்கோம்மா" என்றுதான் அக்கா சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு அம்மா அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"உணர்ச்சிவசப்படாம பாருங்கம்மா" என்று தலைவி சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த ரத்தம் இங்க வந்து எவ்வளவு காலம் ஆச்சு. ஒரு நாள் லீவு போட்டதில்லை, ஒரு நாள் சத்தம் போட்டதில்லை. இவர் வந்து ஆறு மாசம்கூட ஆகலை. ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும்னா, எதை வெச்சுக்கறதுங்கறதுல எங்களுக்குக் குழப்பமே இல்லை."

பிரிவு உபசார விழா நன்றாகவே நடந்தது. 'வாழ்வனுபவம் நிறைவுற்றதைப் பாராட்டி' என்று பொறித்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். தம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினான். மறுபடி எல்லாரும் கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். லேபிள் ஒட்டும் பெண் விழாவுக்கு வரவில்லை. அவள் பக்கத்து ஸ்டூலை வெறுமனே வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலையில் தம்பி குளித்து, ஷூ போட்டு, வாசலில் நின்றான். இனிமேல் ஆபீஸ் இல்லை என்று அக்கா சொன்னாள். "ஆபீஸ்" என்றான். மெதுவாகச் சொன்னாள், அதட்டிச் சொன்னாள், காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். அவன் வாசற்கதவில் நெற்றியை மோத ஆரம்பித்தான். அன்றும் அடுத்த நாளும் அக்கா கதவுக்கும் அவன் தலைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முடியாமல் நிலையத்துக்கே கூட்டிப்போனாள். கேட்டைப் பார்த்துவிட்டாவது சமாதானம் ஆவான் என்று நினைத்தாள்.

காவலாளி அவனைத் தடுக்க வெட்கப்பட்டார். உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். தம்பி அதில் உட்கார்ந்து கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அக்கா அவனை அங்கே உட்கார வைத்துவிட்டு உள்ளே போவாள், மணிக்கு ஒரு தடவை இறங்கி வந்து பார்ப்பாள். ஒரு நாள் ரத்த வண்டி வந்தது. ஐஸ் பெட்டி அவனைத் தாண்டி உள்ளே போனது. அவன் அதன் பின்னாலேயே எழுந்து போனான். காவலாளி அவன் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

நிலையம் சும்மா இருக்கவில்லை. வாயிலில் தினமும் காணும் காட்சி மனதைப் பாதிக்கிறது என்று ஊழியர்களில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். ஊழியர் நலக் குழு உடனே கூடியது. பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்கு மனநல ஆலோசனை ஏற்பாடானது. கேட்டைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டினார்கள்.

பிறகு இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. வழி கிடைத்துவிட்டது என்றார். ஊழியராகத்தான் தம்பி வரக்கூடாது. ரத்தம் கொடுக்கிறவராக எப்போது வேண்டுமானாலும் வரலாம். பின்பக்கம் அதற்கென்று ஒரு சின்ன அறையும் தனி வாசலும் போடப்போகிறார்கள். பழைய ரத்தம் வேறு தீர்ந்துகொண்டே வருகிறது, புதிதாகத் தேவைப்படுகிறது. "பாருங்க, கதவு அவருக்குத் திறந்தேதான் இருக்கு. கையை மட்டும் நீட்டினா போதும்" என்றார்.

நியாயம் அநியாயம் பார்க்கிற நிலையில் அக்கா அன்றைக்கு இல்லை. தம்பியின் நெற்றியில் வீக்கம் இன்னும் வடியவில்லை. பின்பக்க அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும் என்பதுதான் அவள் புத்தியில் நின்றது. சம்மதித்தாள்.

அந்த நாள் வந்தது. அக்கா அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள். ஊசியைப் பார்த்ததும் தம்பி அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான். லேபிள் ஒட்டும் பெண் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். இடுக்கு வழியாக ஸ்டூல் தெரிந்தது, அதற்கு முன்னால் பாதி நிறைந்த தாங்கி தெரிந்தது. தம்பி அதைப் பார்த்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கத்திக்கொண்டே இருந்தான். கையை மட்டும் இழுக்கவில்லை. நாலு பேர் தேவைப்படவில்லை. ரத்தம் எடுத்தவர், இவ்வளவு ஒத்துழைக்கிறவரைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார்.

முடிந்ததும் அந்தப் பெண் அவனை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆய்வுக்கு இனிப் பயன்படாத பழைய டியூப்களாகப் பார்த்துக் கொடுத்தாள். கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு அவன் அரைமணி நேரம் லேபிள் ஒட்டினான். டக், டக்கென்று செருகினான். சிரித்தான். கதவருகில் நின்று பார்த்த அக்காவும் சிரித்தாள். அன்று ராத்திரி அவன் தூங்கினான்.

ஒத்துழைப்பு சிறப்பாக இருப்பதால் அடிக்கடி எடுக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. அக்கா இரண்டாம் தடவையும் சம்மதித்தாள். மூன்றாம் தடவையும் சம்மதித்தாள்.

அதற்கப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சாயங்காலங்களில் தம்பியை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறாள். விலகல் கடிதத்தில், வீட்டுக் காரணம் என்று இரண்டே வார்த்தைதான் எழுதியிருந்தாள். வழியனுப்பும்போது இயக்குநர், குடும்பத்தில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு விஞ்ஞானத்துக்கு உழைப்பது எல்லாராலும் ஆகாது என்று வருத்தத்தோடு சொன்னார். தம்பியை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்வதாகவும் அவள் எழுதிக் கொடுத்தாள். அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கெனவே எடுத்த ரத்தம் விதிப்படி நிலையத்திலேயே இருக்கும் என்றார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஜெனரேட்டர் வசதியோடு.

வீட்டுக் காரணம் என்று அவள் எழுதியது பொய்யில்லை. கடிதம் கொடுத்த அன்று காலை நடந்தது இதுதான். அன்றைக்கு ரத்தம் எடுக்கிற நாள் இல்லை. அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தாள். தம்பி ஷூ போட்டுக்கொண்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சட்டைக் கையைத் தானாகவே தோள்வரை சுருட்டி விட்டிருந்தான். கையை நேராக அவளை நோக்கி நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ தெரியவில்லை. அக்கா கிட்டே போனாள். முழங்கை மடிப்பில் ஊசிபட்ட இடங்கள் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன. "வேண்டாம்டா. இனிமே வேண்டாம்" என்று சொல்லி, சுருட்டியிருந்த கையை மெதுவாக இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். மூடிய பொத்தானைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எங்கே தப்பு நடந்தது என்று கொஞ்ச நேரம் யோசிப்பவன் போல நின்றான். பிறகு மற்றக் கையின் பொத்தானைக் கழற்றி, அந்தச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, அதை நீட்டினான்.